மகளின் சுருள் முடியில் சிக்கெடுப்பது எப்படி?

மீனா, ஸ்காபரோ:
என் கணவர் ஜமைக்காக்காரர். மகளுக்கு ஐந்து வயது. முடி அப்படியே அப்பா வழி, பேனா ரீஃபிலில் சுற்றிய மாதிரிப் பொடிச் சுருள். என் அம்மா எனக்குச் செய்தபடியே தேங்காய் எண்ணெய் தடவி, தினமும் காலையில் சீவுகிறேன். சீப்பைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் வைக்கோல்தான். கணவரைக் கேட்டால் தன் வழுக்கையைத் தடவிக் காட்டுகிறார். "முடி வளரவே இல்லை, மொட்டை போடு" என்கிறார் அம்மா. என்ன செய்ய?

ராஜி, லண்டன்:
மொட்டையெல்லாம் வேண்டாம் மீனா. முடி வளரத்தான் செய்கிறது, சுருங்கி நிற்பதால் தெரிவதில்லை. ஈரத்தில் ஒரு சுருளை மெல்ல நீட்டிப் பாருங்கள். என் பையன்களின் அப்பா கானாக்காரர். நானும் இரண்டு சீப்பு உடைத்த பிறகுதான் கற்றேன்.

நம் முடியில் தலையில் ஊறும் எண்ணெய் நுனிவரை வழுக்கி இறங்கிவிடும். சுருளில் இறங்காது, அதனால்தான் காய்கிறது. காய்ந்த முடியில் எண்ணெய் மட்டும் தடவினால் மினுங்கும், ஈரம் சேராது. முதலில் தண்ணீர் தெளித்து, கழுவாமல் விடும் கண்டிஷனர் பூசி, அதற்கு மேல் எண்ணெயோ ஷியா வெண்ணெயோ (ஆப்பிரிக்க ஷியா மரக் கொட்டையில் எடுப்பது) தடவுங்கள்.

உலர்ந்த தலையில் சீப்பு வைக்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை குளிப்பாட்டும்போது தலையை நாலு பாகமாகப் பிரித்து, கண்டிஷனரை அள்ளிப் பூசி, விரலாலேயே பாதிச் சிக்கை எடுங்கள். அப்புறம் அகலப் பல் சீப்பு, நுனியில் தொடங்கி மேலே. கடைசியில் கயிறு திரிப்பது போல இரண்டிரண்டு இழையாக முறுக்கிவிட்டால் ஒரு வாரம் சீப்பே வேண்டாம். இரவில் சாட்டின் தொப்பி போடுங்கள். பருத்தித் தலையணை உறை ஈரத்தைக் குடித்துவிடும்.

குமரன்:
சீயக்காய் போட்டுப் பாருங்களேன்?

ராஜி, லண்டன்:
தம்பி, இருக்கிற வறட்சி போதாதா!

செல்வி அக்கா:
பின்னல் இறுக்கமாக வேண்டாம். பிள்ளை வலி என்றாலோ, நெற்றியோரம் பொரிப்பொரியாக வந்தாலோ அவிழ்த்துவிடுங்கள். இழுபட்டு இழுபட்டு ஓர முடி உதிர்ந்தால் சிலருக்குத் திரும்ப முளைக்காது. டொராண்டோ எக்லிண்டன் மேற்குத் தெருவில் ஜமைக்காக்காரர்கள் கடை வைத்திருக்கும் லிட்டில் ஜமைக்கா உங்களுக்கு எட்டும் தூரம்தானே. அங்குள்ள சலூனில் ஒருமுறை பின்னச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் கவனியுங்கள்.

மீனா, ஸ்காபரோ:
நேற்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்று பாகம்வரை கார்ட்டூன் பார்த்தாள், நாலாவதில் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். முறுக்கெல்லாம் கோணல்மாணல். காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது தொப்பி மட்டும்தான். அதைக் கழற்றாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?

ராஜி, லண்டன்:
தலையணைக்கே சாட்டின் உறை போட்டுவிடுங்கள்.