பெரிய ஸ்கிரீன் லேப்டாப், சின்ன பட்ஜெட்: நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்க

காவேரிப்பட்டினம், கணக்கு வேலை:

மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். சீசன் வந்துவிட்டால் மண்டி பில், எடைச்சீட்டு, லாரி வாடகை என்று நாள் முழுக்க எண்களைத் தட்டுகிற வேலைதான். பழைய 14 இன்ச் லேப்டாப்பில் நம்பர் பேட் கிடையாது, மேல்வரிசையில் தட்டித் தட்டியே விரல் போய்விட்டது. சரி, நாற்பத்தைந்தாயிரத்துக்குள் பெரிய ஸ்கிரீனாக ஒன்று பார்ப்போம் என்று கிருஷ்ணகிரியில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

எந்தக் கடையில் கேட்டாலும் இன்ச்சைத்தான் சொல்கிறார்கள். நான் பென் டிரைவில் என்னுடைய எக்செல் ஷீட்டையே கொண்டுபோயிருந்தேன். 15.6 இன்ச் லேப்டாப் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதைத் திறந்தால், ஒன்றில் லாரி நம்பர், தேதி, எடையோடு ஸ்கிரீன் முடிந்துவிட்டது, இன்னொன்றில் கழிவு, விலை, நிகரத் தொகை வரைக்கும் தெரிந்தது. ஸ்கிரீனில் எத்தனை புள்ளிகள் (பிக்சல்) என்பதுதான் விஷயம்: முதலாவது அகலத்தில் 1366, உயரத்தில் 768, அடுத்தது 1920க்கு 1080. இன்ச் ஒன்றாக இருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

அப்புறம் 16 இன்ச் ஒன்று காட்டினார்கள், 1920க்கு 1200. பேருக்கு 0.4 இன்ச்தானே கூட என்று நினைப்போம். அகலம் இரண்டுக்கும் ஏறக்குறைய 34.5 செ.மீ.தான், ஆனால் உயரம் 19.4 செ.மீ.யிலிருந்து 21.5 ஆகிவிடுகிறது. எக்செல்லில் ஐந்தாறு வரி கூடுதலாகத் தெரியும். மேலும் கீழும் உருட்டுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒன்று மட்டும் கவனிங்க, 16 இன்ச் எல்லாவற்றிலும் நம்பர் பேட் இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

வெளிச்சத்தையும் பார்த்துவிடுங்கள். இந்த விலையில் வருவது பெரும்பாலும் 250 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தின் அளவு) பேனல்தான், கடைக்குள் டியூப்லைட்டில் எல்லாமே பளபளக்கும். நான் வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்து பார்த்தேன், கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும். எடை மேடை பக்கத்தில் திறந்த வராந்தாவில் உட்கார்ந்து வேலை பார்க்கப்போவது நான்தானே.

பென்னாகரம்:

எங்கள் பெண் இன்ஜினியரிங் முதல் வருஷம், தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறாள். 17.3 இன்ச் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடையிலேயே சார்ஜரோடு பையில் போட்டுத் தோளில் மாட்டச் சொன்னேன், அவளே 15.6க்கு இறங்கிவிட்டாள். ரேம் விஷயத்தில்தான் எரிச்சல். "8 ஜிபி இருக்கு, அப்புறம் ஏத்திக்கலாம்" என்றார் கடைக்காரர். எந்த ஸ்லாட்டில் ஏற்றுவது, காட்டுங்க என்றேன். மாடல் நம்பரைத் தேடிப் பார்த்தால் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைத்தது, ஏற்றவே முடியாது. வேண்டாம் என்று எழுந்து வந்து, ஸ்லாட் இருக்கிற வேறு மாடலை வேறு கடையில் எடுத்தோம்.

ஓசூர்:

புதுசே வேண்டும் என்று இல்லாதவர்கள் பெங்களூர் எஸ்பி ரோடு போய் வரலாம். கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப் நிறைய கிடைக்கும், உடம்பு கெட்டியாக இருக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் 14 இன்ச்தான், 15.6 என்று கேட்டால் உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீங்க. ஐ5 8250யு சரி, ஐ5 7200யு வேண்டாம், இந்த நம்பர்களில் முதல் எண்தான் தலைமுறை. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துபோனது, ஏழாம் தலைமுறையில் ஏறக்குறைய எதையுமே விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. வெள்ளைப் பக்கம் ஒன்றை முழு ஸ்கிரீனில் திறந்து மூலைகளில் மங்கல், புள்ளி இருக்கிறதா பாருங்க. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்க, காட்டத் தயங்கினால் அடுத்த கடை.

பாலக்கோடு:

வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பெரிய லேப்டாப்புக்கு ஏன் காசு கொட்டணும்? இருக்கிற 14 இன்ச்சோடு 24 இன்ச் மானிட்டர் ஒன்றை ஹெச்டிஎம்ஐ கேபிளில் சேருங்க, நம்பர் பேட் உள்ள யுஎஸ்பி கீபோர்டு தனியாக வாங்கிக்கலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

காவேரிப்பட்டினம்:

பாலக்கோடு அண்ணா சொல்வது வீட்டு வேலைக்கு நல்ல யோசனைதான். நான் காலையில் மண்டி, மதியம் ஃபேக்டரி என்று அலைகிறவன், மானிட்டரைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. கடைசியில் நம்பர் பேட் உள்ள 16 இன்ச்சே எடுத்துவிட்டேன், ஐ3தான், கணக்கு வேலைக்குத் தாராளம். ஐ5க்குப் போகிற காசை 16 ஜிபி ரேமில் போட்டேன். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் பில் போடும் முன்பே ஃபேக்டரியின் ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்துவிடுங்க. லேப்டாப்புக்கு 18 சதவீத வரி, அதை இன்புட் கிரெடிட்டில் எடுக்க, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, பில் நிறுவனத்தின் பேரில் இருக்கணும். என் பேரில் போட்டுக் கொடுத்துவிட்டு "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்றார்கள். மாற்றி வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினேன்.