நிண்டெண்டோவின் ஆர் அண்ட் டி 1 பிரிவு முடிவுக்கு வந்தது 1996இலா, 2004இலா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோவின் ஆர் அண்ட் டி 1 (முதல் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பிரிவு) வரலாற்றைச் சில நாள்களாக வாசித்து வருகிறேன். கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் மெட்ராய்டு என்ற வீடியோ விளையாட்டும் ஒரே பிரிவில் உருவானவை என்பது எனக்குப் புதிய செய்தி. கருவி செய்வோரும் விளையாட்டு செய்வோரும் எப்படி ஒன்றாக இருந்தார்கள்? மேலும், அதன் தலைவர் குன்பெய் யோகோய் 1996இல் விலகியதோடு அப்பிரிவு முடிந்துவிட்டது என்று சிலரும், 2004இல்தான் கலைக்கப்பட்டது என்று சிலரும் எழுதுகிறார்கள். எதை ஏற்பது?

முதல் பதில்:
வணக்கம். தங்கள் முதல் கேள்விக்கான விடை பொம்மைத் தொழிலில் இருக்கிறது. கியோட்டோவில் 1889 முதல் ஹனஃபுடா சீட்டுக்கட்டுகள் செய்துவந்த அந்நிறுவனத்தில், யோகோய் 1965இல் சேர்ந்தது இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குத்தான். அவர் பொழுதுபோக்காகச் செய்து வைத்திருந்த, நீண்டு சுருங்கும் செயற்கைக் கையைத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி கண்டு, அதை விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். 1966இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வெளிவந்த அது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

பொம்மையில் பொருளையும் விளையாட்டையும் பிரிக்க முடியாது. 1980இல் தொடங்கிய, கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரிசையும் அப்படிப்பட்டதே. அதில் தோன்றும் ஒவ்வோர் உருவமும் திரவப் படிகத் திரையில் முன்கூட்டியே நிலையாக அமைக்கப்பட்டிருந்ததால், விளையாட்டைத் தீர்மானிக்காமல் திரையைச் செய்யவே இயலாது. இன்று பல விளையாட்டுக் கருவிகளில் காணும் சிலுவை வடிவப் பொத்தானும் அவ்வரிசையின் டாங்கி காங் கருவியில்தான் 1982இல் வந்தது.

இரண்டாம் பதில்:
மேலே நண்பர் கூறியதோடு சதோரு ஒகாடாவின் பெயரையும் சேர்க்க வேண்டும். யோகோயின் புகழில் அவர் மறைந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. 1989இல் வந்த கேம் பாயின் பொறியியல் பணியை முன்னின்று நடத்திய அவரே, மெட்ராய்டு (1986), சூப்பர் மாரியோ லேண்ட் (1989) ஆகியவற்றின் இயக்குநர் பொறுப்பிலும் இருந்தார். தாங்கள் கேட்ட 'ஒன்றாக இருந்தது' என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இனி இரண்டாம் கேள்வி. யோகோய் 1996 ஆகஸ்டில் விலகியபின், கருவி வடிவமைக்கும் பணி ஒகாடாவின் தலைமையில் தனிப் பிரிவாகி, அங்கிருந்தே கேம் பாய் அட்வான்ஸ் 2001இல் வந்தது. ஆர் அண்ட் டி 1 விளையாட்டுகளை மட்டும் உருவாக்கும் பிரிவாகத் தொடர்ந்து, மெட்ராய்டு ஃபியூஷன் (2002), வாரியோவேர் (2003) முதலியவற்றைத் தந்தது. சதோரு இவாட்டா நிண்டெண்டோவின் தலைவராக இருந்தபோது செய்த மறுசீரமைப்பில் 2004இல் அது கலைக்கப்பட்டு, உறுப்பினர்களில் பலர் எஸ்.பி.டி. (மென்பொருள் திட்டமிடல், மேம்பாடு) என்ற புதிய பிரிவுக்குச் சென்றனர். எனவே பெயர் மறைந்தது 2004இல் என்றாலும், இயல்பு மறைந்தது 1996இலேயே என்பது என் கருத்து.

மூன்றாம் பதில்:
இயல்பு மறைந்தது என்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கலைக்கப்பட்ட அதே 2004இல், எஸ்.பி.டி.க்குச் சென்ற குழுவினரின் பங்களிப்போடு வாரியோவேர் ட்விஸ்டெட் வெளிவந்தது. கருவியையே கையில் சுழற்றி ஆடும் அவ்விளையாட்டுக்கான சுழற்சி உணரியை விளையாட்டு அடங்கிய, கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே பொருத்தியிருந்தார்கள். கருவிப் பிரிவு கையைவிட்டுப் போன பின்னும், பொருளையும் விளையாட்டையும் சேர்த்தே சிந்திக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது என்பதற்கு இது போதும்.

வெளியே சென்ற கிளையையும் மறக்க வேண்டாம். யோகோய் தொடங்கிய கோட்டோ நிறுவனத்தின் பங்களிப்போடு, பண்டாய் நிறுவனம் 1999இல் வெளியிட்ட வொண்டர்ஸ்வான் கருவிக்கு ஒரே ஒரு பென்சில் பேட்டரி போதுமானதாக இருந்தது. 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்த அவர் அதைப் பார்க்கவில்லை. அதற்கென வந்த புதிர் விளையாட்டு ஒன்றுக்கு குன்பெய் என்றே பெயரிட்டார்கள்.