அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இரண்டு 'இல்லை'

அம்மாவுக்கு 74 வயது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைக்கிறது என்று எண்டோஸ்கோப்பி பார்த்தோம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி, கல்லீரலிலும் பரவியிருந்தது. பயாப்ஸியோடு ஐ.எச்.சி. என்று தனியாக ஒரு தாள் வந்தது; கட்டியில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை அது. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்ற புரதங்கள் இரண்டும் இல்லை, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இருக்கிறது. தம்பி கூகுளில் 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்று படித்துவிட்டு, இது பரம்பரை வியாதி என்று வீட்டையே கலக்கிவிட்டான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படும். அதில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்துவது இந்தப் புரதங்களின் வேலை. இரைப்பைப் புற்றில் எம்.எல்.எச்.1 காணாமல் போவது பெரும்பாலும் பரம்பரையால் அல்ல. அந்தப் புரதத்துக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிக்குறி ஏறி, அது வேலை செய்யாமல் அடங்கிவிடுவதால்தான். வயதானவர்களிடம் அதிகம் பார்ப்பதாம். கட்டியில் அதற்கும் சோதனை செய்தார்கள், பாசிடிவ். தம்பி அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

பிழைகள் மலிந்த கட்டியை நம் எதிர்ப்புச் செல்கள் அந்நியம் என்று எளிதில் கண்டுகொள்ளும் என்பதால், அந்தச் செல்களின் தடையை விலக்கிவிடும் பெம்ப்ரோலிசுமாப் தொடங்கினார்கள். இந்தக் குறைபாடு இருந்தால், கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் தரலாம் என்று 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. விலையைக் கேட்டதும் அப்பா பேசாமல் நிலப்பத்திரத்தை எடுத்து வைத்தார். கட்டி சுருங்கியிருக்கிறது. மருந்தின் பக்கவிளைவாகத் தைராய்டு குறைந்துவிட்டது, அதற்கு மாத்திரை.

*

நான் பேத்தாலஜி லேபில் இருப்பவன். ஏன் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் சேர்ந்தே போகிறது என்று பலர் கேட்பார்கள். பி.எம்.எஸ்.2, துணைக்கு எம்.எல்.எச்.1 இல்லாமல் நிலைக்காது, சிதைந்துவிடும். ஸ்லைடில் புரதம் இருந்தால் பழுப்பாகும்; இல்லாத கட்டிச் செல்களின் உட்கரு நீலமாகவே நிற்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லான லிம்போசைட் (ஒருவகை வெள்ளையணு) பழுப்பாக இருக்கவேண்டும். அதுவும் நிறம் ஏறவில்லை என்றால் சாயமே பிடிக்கவில்லை, திரும்பப் போடவேண்டியதுதான்.

*

எங்கள் வீட்டில் நேர்மாறு. அண்ணனுக்கு 41 வயதில் புற்று வந்தது. அவருக்கு எம்.எஸ்.எச்.2-வும் எம்.எஸ்.எச்.6-ம் இல்லை. இந்த ஜோடி போனால் பரம்பரையைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும் என்றார்கள். அப்பாவுக்குப் பெருங்குடலில், அத்தைக்குக் கருப்பையில் புற்று இருந்ததை அதுவரை யாரும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இரத்தப் பரிசோதனையில் லிஞ்ச் உறுதியானது. கூடப் பிறந்தவர்களுக்கு ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இல்லை, அக்காவுக்கு இருக்கிறது. இப்போது அவர் தவறாமல் கொலனோஸ்கோப்பி செய்துகொள்கிறார். சோதனையைவிட, முந்தின நாள் குடிக்கச் சொல்லும் அந்த உப்பு மருந்துதான் கொடுமையாம்.