கேவிடேஷனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்க்கும் அடியேன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வாட்டர் ஸ்கூட்டர் (ஜெட் ஸ்கீ) பழுதுபார்க்கப் பழகும் பிள்ளைகளுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 40 பக்கத்தில் 38 முடிந்தது. மீதி இரண்டு பக்கத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து வழிமறிக்கிறது: கேவிடேஷன்.

இந்த வண்டிக்கு வெளியே புரொப்பெல்லர் கிடையாது. அடிப்பக்கத்துக் கம்பித்தட்டி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, இம்பெல்லர் என்ற இதழ்ச் சக்கரம் சுழற்றி, பின்னால் பீய்ச்சி அடிக்கிறது. இந்த அமைப்புதான் ஜெட் பம்ப். இம்பெல்லர் இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் ரொம்ப இறங்கிவிட்டால், தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழி விடுகிறது. 25 டிகிரியில் இருக்கும் தண்ணீருக்கு அந்த எல்லை சுமார் 3.2 கிலோபாஸ்கல், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் குமிழிகள் நொறுங்கி, பக்கத்திலுள்ள உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.

'குழிவாக்கம்' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். படித்தால் பல் டாக்டர் ஞாபகம்தான் வருகிறது. உதவுங்கள்.

திருச்சித் தமிழாசிரியர் எழுதியது:

குழிவாக்கம் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். குழி என்பது விளைவு, நிகழ்வு குமிழி. குமிழிக்கு நம்மிடம் அழகான பழஞ்சொல் இருக்கிறது: மொக்குள். 'படுமழை மொக்குளின்' என்று நாலடியார் யாக்கையின் நிலையாமையைச் சொல்லும். தோன்றிய கணத்தில் கெடுவது என்ற பொருளே அதில் அடங்கியிருக்கிறது. எனவே 'மொக்குளாக்கம்'. ஜெட் பம்பையும் 'தாரை எக்கி' என்று மாற்றிவிடுங்கள்.

கோவைப் பம்ப் பொறியாளர் எழுதியது:

ஐயா, தாரை எக்கி என்று போட்டால் பையன்கள் எதை எக்கி எடுப்பது என்று கேட்பார்கள். மொக்குளும் அப்படித்தான். எங்கள் ஊரில் அதைச் சொன்னால் பூ மொட்டா என்பார்கள்.

'குமிழியாக்கம்' போதாதா?

திருச்சித் தமிழாசிரியர் எழுதியது:

> 'குமிழியாக்கம்' போதாதா?

போதாது. ஆக்கம் என்றால் ஒருவர் ஆக்க வேண்டும். இங்கே நீர் தானே குமிழியாகிறது. ஆகு தன்வினை, ஆக்கு பிறவினை. 'குமிழியாதல்' என்பதே சரி. மொக்குளாக்கம் என்று நான் எழுதியதும் பிழை. மொக்குளாதல் என்று திருத்திக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

ஆக்கம் என்றால் ஆக்குவோன் வேண்டுமா? 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்ற குறளில் ஆக்கத்தை யார் ஆக்கினார்? தானே வழி கேட்டுக்கொண்டு போகிறது.

மற்றது, 'கேவிடேஷன்' என்பது என்ன எழுத்துமுறை? நாங்கள் 'கவிற்றேசன்' என்று எழுதுவோம். வடவெழுத்து ஒரீஇ (நீக்கி) என்று தொல்காப்பியர் சொன்னது ஷ-வுக்கும் பொருந்தும்.

கோவைப் பம்ப் பொறியாளர் எழுதியது:

ஆரம்பிச்சாச்சு. அடுத்து ஒருவர் 'பழையன கழிதலும்' என்று நன்னூலை எடுத்துவருவார். வெள்ளிக்கிழமை போய்விடும்.

வேர்ச்சொல் ஆர்வலர் எழுதியது:

நன்னூல் இருக்கட்டும். யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சொல்லின் அடி லத்தீனின் கேவுஸ், பொள்ளல் (உட்குழிவு) என்று பொருள். ஆங்கிலத்தின் கேவ் அதன் வழி வந்தது. நம் மாதா கோயில்களில் குகை போலக் கட்டியிருப்பதை என்ன சொல்கிறோம்? கெபி! கன்னடத்தில் குகைக்குக் கவி என்றே பெயர். பெங்களூரில் கவி கங்காதரேசுவரர் குடைவரைக் கோயிலே இருக்கிறது. கவி, கெபி, கேவ். இது தற்செயலா? ஆகவே 'கெபித்தல்' என்று வைத்தால் நம் சொல் நம்மிடமே திரும்பி வந்ததாகும்.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

ஒலி ஒத்தால் உறவு என்றால் உலகத்தில் எல்லாரும் சம்பந்திகள். கெபித்தல் என்றதும் எனக்கு மெழுகுதிரிதான் நினைவுக்கு வருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பழுதுக்கடைக்காரர் எழுதியது:

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் இந்தப் பேச்சில் ஒரு முக்கியமான சங்கதி விட்டுப்போகிறது.

கடைக்கு வரும் பத்து வண்டிக்காரர்களில் எட்டுப் பேர் "கேவிடேஷன் ஆகுது" என்றுதான் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அது இல்லை. தண்ணீர் கொதிக்கவில்லை, எங்கேயோ காற்று உள்ளே புகுந்திருக்கும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுபோலத்தான்: திராட்டிலை முறுக்கினால் ஆர்பிஎம் எகிறும், உந்தல் இருக்காது, வண்டி அதிரும். ஆனால் வைத்தியம் வேறு.

நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் எஞ்சினை அணைத்து, கையில் கட்டும் கயிற்றுச் சாவியைக் கழற்றிவிட்டுத்தான் அடியில் கை வைக்க வேண்டும். கம்பித்தட்டியில் பாசி, பிளாஸ்டிக் பை, வலைநூல் சிக்கியிருக்கிறதா? நம் கடற்கரையில் வலைநூல்தான் அதிகம், தண்டில் சுற்றிக்கொண்டால் கத்தி வைத்து அறுக்க வேண்டியிருக்கும். அப்புறம் இம்பெல்லர் இதழின் முன்விளிம்பு. கல் பட்டு மடங்கியிருந்தால் அங்கேதான் தண்ணீர் கலைந்து உண்மையான கேவிடேஷன் தொடங்கும். இதழில் கடற்பஞ்சு போலப் பொத்தல் பொத்தலாக இருந்தால் அது குமிழி கொத்திய தழும்பு. லேசான மடிப்பை அரத்தால் சீர் செய்யலாம், மிஞ்சினால் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் வியர் ரிங். சீ-டூ என்ற கம்பெனி வண்டியில் அது பிளாஸ்டிக், தனியாகக் கழற்றி மாற்றலாம். இதழ் நுனிக்கும் அதற்கும் நடுவே இடுக்கை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பேன். இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தண்ணீர் பின்னால் போகாமல் அந்த இடுக்கு வழியாக முன்னாலேயே திரும்பிவிடும். மணல்தான் எமன். இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லாத கரையோரத்தில் வண்டியைக் கிளப்பினால் அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் காற்றைத் தேட வேண்டும். தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தில் கார்பன் வளையம் இருக்கும். அது தேய்ந்தால் சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருக்கும், வண்டிக்குள் தண்ணீரும் கசியும். ஓடும்போது அதே வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சும். பம்பும் உடலும் சேரும் இடத்தின் சீல் போனாலும் இதே கதைதான். அலையில் வண்டி எம்பும்போது தட்டி வெளியே வந்து கத்துவது கோளாறே அல்ல.

இந்தக் காற்று சமாச்சாரத்தை நாங்கள் கடையில் "புரையேறுது" என்போம். சாப்பாடு போகிற வழியில் போகாமல் இருமுகிறோமே, அது மாதிரி. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பையன் காற்றுக் கசிவுக்கு இம்பெல்லரை மாற்றுவான். அது பல ஆயிரம் ரூபாய்.

மொழிபெயர்க்கும் அடியேன் எழுதியது:

அண்ணே, இத்தனை நாள் ஏன் எழுதாமல் இருந்தீர்கள்! மூலக் குறிப்பிலேயே இரண்டும் குழம்பித்தான் கிடக்கிறது. புரையேறல், அடித்தேன்.

திருச்சித் தமிழாசிரியர் எழுதியது:

அவசரப்படாதீர்கள். புரை என்றால் உட்பொள்ளல். புண் புரையோடுகிறது, மரம் புரையோடுகிறது. அப்படியானால் புரை என்பது நீருள் பொள்ளல் விழும் கேவிடேஷனுக்கே உரிய சொல். 'நீர்ப்புரை'! மூலச்சொல்லின் பொருளோடு அப்படியே பொருந்துகிறது. அதைக் கொண்டுபோய்க் காற்றுக் கசிவுக்குக் கொடுப்பது முறையல்ல.

கோவைப் பம்ப் பொறியாளர் எழுதியது:

ஐயா, நீர்ப்புரை என்றால் கண்புரை மாதிரி இருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். 'புரை தீர்ந்த நன்மை' என்பதில் புரை குற்றம். ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை?

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வு ஒழுகினால் மோட்டார் "காத்துப் பிடிச்சிருச்சு" என்பார்கள். எல்லா மாவட்டத்திலும் புரியும். என் ஓட்டு 'காற்றுப்பிடிப்பு'.

வேர்ச்சொல் ஆர்வலர் எழுதியது:

காற்றுப்பிடிப்பு என்றால் முதுகுவலி. தைலம் தேய்க்கச் சொல்வார்கள். புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பது வழக்கு. ஜெட் ஸ்கீயை நினைப்பது யார்?

பழுதுக்கடைக்காரர் எழுதியது:

தவணை கொடுத்தவர்.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

ஆங்கிலத்தில் மட்டும் இது தெளிவாகவா பிறந்தது? 1890-களில் பிரிட்டனின் டேரிங் என்ற போர்க்கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. காரணம் தேடிய கப்பல் வடிவமைப்பாளர்கள் தோர்னிகிராஃப்ட்டும் பார்னபியும் 1895-இல் கட்டுரை எழுதும்போது, கப்பல் ஆய்வாளர் ஃபுரூட் சொல்லிக்கொடுத்த சொல்தான் கேவிடேஷன். நீராவி டர்பைன் கண்ட பார்சன்ஸின் டர்பினியா என்ற கப்பலும் முதலில் ஒற்றைப் புரொப்பெல்லரோடு 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்துக்குள்தான் திணறியது. அவர் கண்ணாடிச் சன்னல் வைத்த சிறு தொட்டி செய்து, குமிழியைக் கண்ணால் பார்த்தார். மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று புரொப்பெல்லர் என்று மாற்றிய பிறகு 1897-இல் அது 34 நாட் வேகத்தில் ஓடியது. கண்ணால் கண்டது குமிழி. ஆகவே குமிழியை விடாதீர்கள். ஆக்கமோ ஆதலோ, எனக்குக் கவலை இல்லை.

மொழிபெயர்க்கும் அடியேன் எழுதியது:

இன்று வியாழன் இரவு. எண்ணிப் பார்த்தேன். கேவிடேஷனுக்குக் குமிழியாதல்: நான்கு பேர், அதில் இரண்டு பேர் "சரி, ஏதோ ஒன்று" என்று தனிமடலில் எழுதியவர்கள். நீர்ப்புரை ஒன்று, கெபித்தல் ஒன்று. காற்று நுழைவதற்குப் புரையேறல் மூன்று, காற்றுப்பிடிப்பு இரண்டு. அப்படியே அனுப்புகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'கேவிடேஷன் எனப்படும் குமிழியாதல்' என்று எழுதியிருக்கிறேன். ஷ-வுக்கு யாழ்ப்பாணம் மன்னிக்கவும். வியர் ரிங்குக்குத் 'தேய்வளையம்' போட்டுவிட்டேன், யாரையும் கேட்கவில்லை.

திருச்சித் தமிழாசிரியர் எழுதியது:

தேய்வளையம் நன்று. ஊறுகாய் போல வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் வளையம். பழுதுக்கடைக்கு மூன்று காலமும் வருமானம்.

நீர்ப்புரையைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

பழுதுக்கடைக்காரர் எழுதியது:

ஐயா, இன்று காலை ஒரு வண்டி வந்தது. பையனிடம் 'குமிழியாதல்' என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, புரையேறுதா, கேவிடேஷனா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான்.