அதே எட்டு இஞ்ச், அதே 100 வாட்

(பெரிய வீடு குடும்பக் குழு)

கார்த்தி: சித்தப்பா, ஒரு சந்தேகம். என் ஸ்பீக்கரும் தீபா வீட்டு ஸ்பீக்கரும் எட்டு இஞ்ச் வூஃபர் (அதுதானே அடி சத்தம், அதாவது பேஸ், தருவது), 8 ஓம், 100 வாட். ரெண்டிலும் 40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. அவள் வீட்டில் பேஸ் கிட்டார் தரையில் கேட்கிறது. என் வீட்டில் டொக் டொக் என்று தட்டுகிறது, அவ்வளவுதான்.

தீபா: வயிற்றெரிச்சல் 😄

ரவி: அந்த 40-க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்று ஏதாவது இருக்கிறதா?

தீபா: எங்களுடையதில் இருக்கிறது மாமா.

கார்த்தி: என்னுடையதில் வெறும் 40.

ரவி: பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. அது போட்டிருந்தால் 40 வரை சத்தம் அந்த வரம்புக்குள் நிற்கிறது என்று அர்த்தம். ஒன்றும் போடவில்லை என்றால் 10 டெசிபல் சரிந்த இடத்தைக்கூட 40 என்று அச்சடிக்கலாம். 10 டெசிபல் போனால் காதுக்குச் சத்தம் சுமார் பாதி. அடி சுருதியில் நம் காது இன்னும் மந்தம், அதனால் பாதிகூடத் தேறாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். உனக்குக் கேட்பது அந்தச் சுருதி இல்லை, அதோடு சேர்ந்து இரண்டு, மூன்று மடங்கில் எழும் 82-ம் 123-ம்தான்.

செல்வம்: அன்றைக்கே சொன்னேன், 200 வாட் வாங்கு என்று. யார் கேட்கிறீர்கள்?

ரவி: மாமா, வாட் என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகாமல் தாங்கும் அளவு. எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்லாது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 89 டெசிபல் தரும், இன்னொன்று 86. அந்த மூன்றை ஈடுகட்ட ஆம்ப் இரண்டு மடங்கு வாட் தள்ள வேண்டும். பேஸில் அதற்கும் முன்னால் கோன், அதாவது வூஃபரின் அசையும் கூம்பு, முட்டிக்கொள்ளும்.

செல்வம்: எதில் முட்டும்?

ரவி: அதன் ஓட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. 80 ஹெர்ட்ஸில் கேட்கும் அதே சத்தம் 40-இல் வேண்டுமானால் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். ஒரு எட்டு இஞ்ச் 3 மில்லிமீட்டர் போகும், இன்னொரு எட்டு இஞ்ச் 6 போகும். அட்டையில் இரண்டும் எட்டு இஞ்ச்தான். கார்த்தி, பெட்டியை டேப் வைத்து அள.

கார்த்தி: 36 × 24 × 20 செ.மீ.

தீபா: எங்களுடையது 90 × 24 × 24. தரையில் நிற்கிற மாதிரி.

ரவி: வெளி அளவிலேயே 17 லிட்டருக்கு எதிராக 52 லிட்டர். இதைப் போய் ஒரே ஸ்பீக்கர் என்கிறாய்! சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல விறைத்துக்கொள்ளும், கோனைப் போக விடாது. சிலதில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தில் ஒரு மேடு எழும்பி, அதற்குக் கீழே மளமளவென்று சரியும். கடையில் நின்று கேட்டால் அந்த மேடுதான் ‘நல்ல பேஸ்’ என்று ஏமாற்றும். சின்னப் பெட்டி, குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், ஆழமான பேஸ், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மன் விதி என்பார்கள். எந்த வூஃபருக்கு எந்தப் பெட்டி என்று ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் கணக்குப் போட்டுக் கொடுத்தார், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். அந்த எண்களைத்தான் அட்டையில் போட மாட்டார்கள்.

தீபா: மாமா வாத்தியாராகிவிட்டார்.

ரவி: இரு, இன்னும் இருக்கிறது. கார்த்தி, பெட்டியில் ஓட்டை உண்டா?

கார்த்தி: பின்பக்கம் ஒரு குழாய்.

ரவி: போனில் ஒரே சுருதியை ஒலிக்கும் டோன் ஆப் போட்டு 80 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்கு, சத்தம் குறைவாக வை. ஓர் இடத்தில் கோன் கிட்டத்தட்ட அசையாது, காற்று முழுக்கக் குழாய் வழியாக வரும். ஊதுபத்தியை அங்கே பிடித்தால் புகை துடிக்கும். அதுதான் பெட்டியின் ட்யூனிங். அதற்குக் கீழே போனால் கோன் சும்மா ஆடும், சத்தம் வராது.

கார்த்தி: 58-இல் கோன் நின்றுவிட்டது! 45-இல் பயங்கரமாக ஆடுகிறது.

ரவி: வால்யூமைக் குறை முதலில்! அப்போது அந்த 40 சும்மா அச்சடித்தது. ஹாலில் எங்கே உட்கார்ந்து கேட்கிறாய்?

கார்த்தி: நடுவில், சோபாவில்.

ரவி: சுவருக்குச் சுவர் 12 அடி என்றால் 47 ஹெர்ட்ஸுக்கு நடு ஹால் வெற்றிடம், அங்கே அந்தச் சுருதி காதுக்கு ஏறக்குறைய வராது. சோபாவைப் பின்சுவரோடு தள்ளு. பெட்டியை மூலைப் பக்கம் நகர்த்து, குழாய்க்கு நாலு விரல் இடம் விடு. அடி சத்தம் ஏறும். அப்புறம் வயர் தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று தெரிய, ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிப் பார். பேஸ் கூடினால் அப்படியே விடு, குறைந்தால் பழையபடி மாட்டு.

கார்த்தி: மாற்றினால் குறைகிறது. வயர் சரியாகத்தான் இருக்கிறது. பெட்டியை மூலைக்குத் தள்ளினேன், நிஜமாகவே கூடுகிறது!

மீனா: தம்பி, அந்த மூலையில் அரிசி டிரம் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ரவி: அண்ணி, அதை இன்னொரு மூலையில் வையுங்கள். 🙏

மீனா: அங்கே இன்னொரு ஸ்பீக்கர் நிற்கிறது.