பேலோடு (வண்டி சுமக்கும் எடை), டோயிங் (வண்டி இழுக்கும் எடை): நேரில் பார்த்ததைச் சொல்லுங்க

ஆறாவது கியர்:
மச்சான் புது ஹாஃப் டன் பிக்கப் (பெரிய பிக்கப்களில் இலகுவான வகை) எடுத்தான். "4,200 கிலோ இழுக்கும், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்று விற்றவர் சொன்னார். கேம்பர் ட்ரெய்லரோ (தங்கித் தூங்க வசதியுள்ள இழுவை வண்டி) சாமானோடு 3,000 கிலோதான், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அதை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். இருட்டினதும் எதிரே வருகிற வண்டிகள் ஒன்று விடாமல் ஹை பீம் அடித்துத் திட்டின. "நான் லோ பீம்லதான்டா போறேன்" என்று மச்சான் லீவரைத் திரும்பத் திரும்பக் காட்டினான். ஓரமாக நிறுத்தி இறங்கினால், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஹெட்லைட் வெளிச்சம் மரத்தின் உச்சிக் கிளையில் விழுகிறது. முன் சக்கரத்துக்கு மேலே என் முழுக் கையும் நுழைந்தது, பின்னால் இரண்டு விரல்கூடப் போகவில்லை.

கதவுத் தூண் ஸ்டிக்கரில் ஆளும் சாமானும் சேர்த்து 640 கிலோ என்று போட்டிருந்தது. எங்கள் நாலு பேர் எடை 300. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது டங் வெயிட் (ட்ரெய்லரின் முன்முனை பிக்கப்பை அமுக்கும் எடை) 375, ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) ஒரு 40. பெட்டில் (பின்னால் சாமான் ஏற்றும் தட்டு) ஒரு பைகூட வைக்காமலே 715. 4,200 என்று வாய் கிழியச் சொன்னவர் இந்த 640 பற்றி மூச்சே விடவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

சுமைதாங்கி:
பின்னால் ஏர் ஸ்பிரிங் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. என் நண்பர் போட்டிருக்கிறார். எவ்வளவு ஏற்றினாலும் வண்டி நேராக நிற்கிறது.

எடைமேடை:
நேராக நிற்கும், ஆனால் எடை அங்கேயேதான் இருக்கும் சுமைதாங்கி சார். ஹிட்ச் பந்து பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே 375 கிலோ அமுக்கினால், வண்டியின் நீளத்தைப் பொறுத்து, பின் அச்சில் ஏறுவது ஏறக்குறைய 500 கிலோ. கூடுதலான அந்த 120 சொச்சம் முன் அச்சிலிருந்து கழன்றது. ஸ்டீயரிங் லேசாவதும் முன் பிரேக்கின் பிடி குறைவதும் அதனால்தான். ஏர் ஸ்பிரிங் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், முன் அச்சுக்குப் போக வேண்டிய எடையைத் திருப்பித் தராது. அதற்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்குத் திருப்பும் ஹிட்ச்) வேண்டும். அதைப் போட்டாலும் ஸ்டிக்கரில் உள்ள எண் அதிகமாகாது.

நான் பார்த்தது வேறு. எடைமேடையில் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு "மெஷின் தப்பு" என்றார். மறுபடி ஏற்றினார், அதே எண். "மெஷின் தப்புதான்" என்று சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, ட்ரெய்லரையும் இழுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

பின்சீட்டு:
இறக்கத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப், பின்னால் திறந்த ட்ரெய்லர், அதில் ஒரு குட்டி டிராக்டர். ட்ரெய்லர் மெதுவாக வாலாட்ட ஆரம்பித்தது. அதன் நம்பர் பிளேட் இடது பக்கம் தெரியும், மறையும், வலது பக்கம் தெரியும். ஒவ்வொரு தடவையும் வீச்சு கூடியது. அவர் பிரேக் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன், அடுத்த நொடி பிக்கப் சுழன்று எங்களைப் பார்த்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. இறங்கி வந்தவர் சொன்ன ஒரே வார்த்தை: "பின்னாடி தள்ளி ஏத்தினா இறக்க ஈஸின்னு நினைச்சேங்க."

பழைய டீசல்:
தம்பி, இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். எனக்கும் ஒரு வாலாட்டம் நடந்தது, அது கிடக்கட்டும். சுமையில் ஏறக்குறைய 60 சதவீதம் ட்ரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்கணும். டங் வெயிட் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். 10-க்குக் கீழே போனால் வால் ஆடும். ஆட ஆரம்பித்தால் பிக்கப் பிரேக்கை மிதிக்காதே, வேகமும் கூட்டாதே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் லீவரை மட்டும் கையால் அமுக்கு.

டங் வெயிட் பார்ப்பது சுலபம். ட்ரெய்லரை மாட்டி, பிக்கப் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு எடை. கழற்றிவிட்டு பிக்கப் மட்டும் இன்னொரு எடை. வித்தியாசம்தான் டங் வெயிட். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் பார் இருந்தால் முதலில் அதைக் கழற்றிடணும், இல்லையென்றால் கணக்கு பொய் சொல்லும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டே எடை போடு. 150 லிட்டர் என்றால் 150 கிலோ, தொட்டி முன்பக்கம் இருந்தால் அதில் ஒரு பங்கு ஹிட்ச் மேல்தான். டயரில் எழுதியிருக்கிற லோடு ரேட்டிங்கையும் பார். ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பெட்டுக்குள் மாட்டும் பெரிய ட்ரெய்லர்) வாங்கும் எண்ணம் இருந்தால் ஹாஃப் டன்னை மறந்துவிடு. அதில் பிக்கப் மேல் இறங்கும் எடையே (கிங்பின் வெயிட்) ட்ரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரும். 5,000 கிலோ ட்ரெய்லருக்கு 1,000 கிலோ சர்வசாதாரணம்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் டோயிங் எண்ணைப் பொய் என்கிறீர்கள், நான் ஒத்துக்க மாட்டேன். டோயிங் எண்ணை அளக்க எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் அமைப்பு) ஜே2807 என்று ஒரு முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணை ஏற்றத்தில், ட்ரெய்லரை இழுத்தபடி, ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் ஏறணும். டொயோட்டா 2011 டண்ட்ரா பிக்கப்பிலேயே இதற்கு வந்துவிட்டது, மற்ற பெரிய கம்பெனிகள் 2015 வாக்கில்தான் வந்தன. ஆனால் அந்தக் கணக்கில் வண்டியில் இரண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ, பெட் காலி. நாலு பேர் ஏறிக்கொண்டு அதே எண்ணைக் கேட்டால் எப்படி?

ஆறாவது கியர்:
அதைத்தானே சார் விற்கும்போது சொல்லியிருக்கணும்?

சுமைதாங்கி:
எல்லாம் சரி, ஏர் ஸ்பிரிங் பெட்டியில் 2,200 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கே, அதற்கு என்ன பதில்?

எடைமேடை:
அது ஸ்பிரிங் தாங்குகிற எடை சார். அச்சு, டயர், சக்கர பேரிங் எல்லாம் பழையபடியேதான் இருக்கு. கூட வந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்க, வண்டியின் ஜிவிடபிள்யூஆர் எண்ணை (வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அதிகபட்ச எடை) தாண்டக் கூடாது என்று அவர்களே போட்டிருப்பார்கள்.