பெர்லின் கரடியின் முதுகில் ஏறிய கழுகு

மதில்வாசி எழுதியது:

பெர்லின் நகரச் சின்னத்தில் இன்று தனித்து நிமிர்ந்து நிற்கும் கரடி, 1460 முதல் 1709 வரை ஒரு கழுகைத் தன் முதுகில் சுமந்து திரிந்தது. 1460-ஆம் ஆண்டு முத்திரையில் கரடி நான்கு காலில் நிற்க, பெர்லினை உள்ளடக்கிய பிராண்டன்பர்க் பகுதியின் ஆட்சியாளரது கழுகு அதன் முதுகில் நகம் பதித்து அமர்ந்திருக்கிறது. தோற்றுப்போன ஒரு நகரம் தன் தோல்வியைத் தானே பொறித்து, ஒவ்வோர் ஆவணத்திலும் தொங்கவிட்ட சின்னம் இது என்பதே என் வாதம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'இரும்புப்பல்' என்று பட்டப்பெயர் பெற்ற பிராண்டன்பர்க் இளவரசர் இரண்டாம் ஃபிரெடரிக், 1442-இல் பெர்லினுக்கும் அதன் இரட்டை நகரான கோல்னுக்கும் பொதுவாக இருந்த நகர மன்றத்தைக் கலைத்தார். ஸ்பிரே ஆற்றுத் தீவில் தமக்கு அரண்மனை கட்ட நிலமும் வாங்கிக்கொண்டார். 1443-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1448-இல் மக்கள் கிளர்ந்தெழுந்து, மதகைத் திறந்துவிட்டுக் கட்டுமான இடத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். வரலாறு இதைப் 'பெர்லின் அதிருப்தி' என்று குறிப்பிடுகிறது. அதே ஆண்டில் நகரம் பணிந்தது. அதற்குப் பின் வந்த முத்திரையில் கழுகு மேலேயும் கரடி கீழேயும் இருப்பதைத் தற்செயல் என்று யாரேனும் சொல்வீர்களா?

சாசனப்பிரியன் எழுதியது:

தற்செயல் என்று நான் சொல்லவில்லை, வழக்கம் என்கிறேன். நண்பர் மதில்வாசி 1460-இல் தொடங்குவதால்தான் அந்தக் கழுகு புதிதாகப் பறந்துவந்து இறங்கியதுபோல் தெரிகிறது. 1253-ஆம் ஆண்டு முத்திரையைப் பாருங்கள்: கோபுரங்கள் கொண்ட நகர வாயில், அதன் நடுவில் கழுகு. கரடியே இல்லை. கரடி முதன்முதலாகத் தோன்றுவது 1280-இல். அப்போதும் நடுவில் இருப்பது கழுகுதான், இரு கரடிகள் இருபுறமும் காவலாளிகளைப்போல் நிற்கின்றன. பெர்லின் புனித ரோமானியப் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட சுதந்திர நகரம் அன்று, ஒரு மார்கிரேவின் (எல்லைப்புற ஆட்சியாளரின்) ஆட்சிப்பகுதியில் இருந்த நகரம். அப்படிப்பட்ட நகரங்கள் தம் ஆட்சியாளரின் சின்னத்தைத் தம் முத்திரையில் வைத்துக்கொள்வது ஜெர்மானிய நிலமெங்கும் இருந்த நடைமுறை. 1448-க்கும் 1460-க்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன. தண்டனை என்றால், இவ்வளவு காலம் எதற்காகக் காத்திருந்தார்கள்? முத்திரையை மாற்றச் சொல்லி இளவரசர் இட்ட ஓர் ஆணையையாவது காட்டிவிட்டுப் பிறகு அவமானத்தைப் பற்றிப் பேசலாம்.

ஆற்றோரம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. கரடி என்பது 'கரடி ஆல்பிரெக்ட்' என்ற முதல் பிராண்டன்பர்க் மார்கிரேவின் நினைவாக வந்தது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கழுகு, கரடி இரண்டுமே ஆட்சியாளரின் சின்னங்கள்தாமே? யார் யாரை அடக்கியதாகச் சொல்வது?

மதில்வாசி எழுதியது:

ஆற்றோரம் அவர்களே, ஆல்பிரெக்ட் இறந்தது 1170-இல். முத்திரையில் கரடி வருவது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவருடைய வம்சத்து மார்கிரேவுகள் கழுகைத்தான் தம் சின்னமாகக் கொண்டார்கள். ஜெர்மன் மொழியில் கரடிக்கு 'பேர்' (Bär) என்று பெயர்; ஊர்ப்பெயரின் ஒலியை ஒட்டி நகரத்தாரே கரடியை எடுத்துக்கொண்டார்கள் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது. ஆகவே கரடி நகரத்தாருடையது.

சாசனப்பிரியன் வசதியாகத் தாண்டிச் சென்ற முத்திரை ஒன்று உண்டு. 1338-ஆம் ஆண்டின் சிறு முத்திரையில் கரடி முழு உருவத்தோடு நடக்கிறது. கழுகோ அதன் கழுத்தில் வாரால் கட்டப்பட்ட ஒரு சிறு கேடயத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. 1253-இல் கழுகு மட்டும், 1280-இல் நடுவில் கழுகும் பக்கங்களில் கரடிகளும், 1338-இல் பெரிய கரடியும் அதற்கு அணிகலன்போல் ஒரு கழுகும். வலுவடைந்துவந்த ஒரு நகரத்தின் தன்னம்பிக்கை இந்த வரிசையில் தெரிகிறது. அடுத்து 1460-இல் அந்த வரிசை தலைகீழாகிறது. வழக்கம் என்றால் 1338-இன் வழக்கம் ஏன் தொடரவில்லை? ஆணை எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நகர மன்றத்தில் யார் அமரலாம் என்பதற்கே இளவரசரின் ஒப்புதல் தேவைப்பட்ட காலத்தில், அந்த மன்றம் தன் முத்திரையை யாருக்குப் பிடித்தபடி வெட்டியிருக்கும்?

சாசனப்பிரியன் எழுதியது:

1338 பற்றிய உங்கள் வருணனை சரி; அது உங்கள் தரப்பின் வலுவான சான்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருவங்களின் அளவையும் இடத்தையும் வைத்தே அரசியலைப் படிக்கத் தொடங்கினால் பின்னால் வருவனவற்றில் சிக்கிக்கொள்வீர்கள். 1709-இல் பெர்லின், கோல்ன் உள்ளிட்ட ஐந்து நகரங்கள் ஒன்றிணைக்கப்பட்டபோது வந்த சின்னத்தில், மேலே பிரஷ்யாவின் (பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள் அப்போது அரசர்களாக இருந்த நாட்டின்) கருங்கழுகும் பிராண்டன்பர்க்கின் செங்கழுகும், கீழே நிமிர்ந்து நிற்கும் கரடியின் கழுத்தில் ஒரு பட்டையும் இருந்தன. உங்கள் முறைப்படி அந்தப் பட்டை அடிமைத்தனம். 1808-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் பிரஷ்ய நகரங்களுக்குத் தன்னாட்சி வழங்கிய பிறகும், பட்டையை அவிழ்க்க 1875 வரை பெர்லின் பொறுத்திருந்தது. தன் கழுத்திலுள்ள அவமானத்தைத் தன்னாட்சி பெற்ற நகரம் ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஏன் விட்டுவைத்தது?

இன்னொன்றும் உண்டு. 1448-இல் கோல்னும் சேர்ந்துதான் பணிந்தது. அதன் சின்னத்தில் பிராண்டன்பர்க் கழுகு மட்டுமே இருந்தது. அதைப் பார்த்து யாரும் கண்ணீர் வடிப்பதில்லை.

மதில்வாசி எழுதியது:

கோல்னுக்கென்று சொந்த விலங்கு ஏதும் இருக்கவில்லை. கழுகுக்குக் கீழே கிடத்த அங்கே எதுவும் இல்லை. பெர்லினிடம் இருந்தது. கழுத்துப்பட்டையைப் பொறுத்தவரை, அது இருந்த காலத்தைவிட அவிழ்க்கப்பட்ட காலத்தையே நான் கவனிப்பேன்: 1871-இல் ஜெர்மானியப் பேரரசின் தலைநகரமாகி நான்கே ஆண்டுகளில் அது போய்விட்டது. பழக்கத்தால் கண்ணில் படாமல் இருந்த ஒன்று, நகரத்தின் நிலை உயர்ந்ததும் உறுத்தத் தொடங்கியிருக்கிறது. பொருளற்ற அலங்காரமாக இருந்திருந்தால் அதை எடுக்க வேண்டிய தேவையே எழுந்திராது.

சாசனப்பிரியன் எழுதியது:

பட்டை போன 1875-இல் கழுகுகள் போகவில்லையே, அதை மறந்துவிட்டீர்கள். பேரரசின் தலைநகரமான பிறகும் இரண்டு கழுகுகளும் கரடிக்கு மேலேயே இருந்தன. கரடி தனித்து நிற்கும் இன்றைய வடிவத்துக்கு மேற்கு பெர்லின் 1954-இல் சட்டம் இயற்றியபோது பிரஷ்யாவே கலைக்கப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கழுகின் நகம் அவ்வளவு காலம் உறுத்தியதென்றால், முதலில் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.